நானும் குதிரை ஏறிவிட்டேன்

அன்புள்ள மீனா,

நலம். உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? மகனைப் பார்க்க டென்வர் வந்து ஒரு மாதமாகிறது. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்: நான் குதிரை ஏறிவிட்டேன்! கொடைக்கானல் ஏரிக்கரையில் நீ ஜம்மென்று சவாரி போக, நான் பயந்துபோய் உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, ஞாபகமிருக்கிறதா?

போன சனிக்கிழமை ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போனோம். ஸ்ப்ரேக் ஏரிப் பக்கம் லாயம். அந்த இடமே சுமார் 8,700 அடி உயரம், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது. எனக்குக் கிடைத்தது ஒரு செவலைக் குதிரை.

ஏற்றத்தில் பயமில்லை. இறக்கத்தில்தான், கல்லும் வேருமாகக் கிடந்த பாதையைப் பார்த்ததும் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்துவிட்டேன். வழிகாட்டிப் பெண் திரும்பிப் பார்த்து, "வாரைத் தளர்த்துங்கள். தலையைத் தாழ்த்தினால்தான் அதற்குப் பாதை தெரியும்" என்றாள். மனசில்லாமல் விட்டேன். செவலை தலையைத் தாழ்த்தியது. ஒரு காது முன்னால், இன்னொன்று என் பக்கம். முன்காலை ஒரு கல்மேல் வைத்தது, பிடிக்கவில்லை, எடுத்துப் பக்கத்து மண்ணில் ஊன்றியது. அப்புறம்தான் மெல்ல இறங்கியது. என்னையும் சுமந்துகொண்டு இத்தனை கவனமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது, மீனா. கழுத்தைத் தடவினேன், வியர்வையில் சூடாக இருந்தது.

எதிரே நடந்து வந்தவர்கள் எல்லோரும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள், அங்கே அதுதான் விதி. இன்னொன்றும் கேள். சொந்தக் குதிரையோடு வருபவர்கள் களை விதை இல்லை என்று சான்று பெற்ற வைக்கோலைத்தான் உள்ளே கொண்டுவரலாமாம். சாணத்தில் தப்பிப் பிழைக்கும் விதைகூட மலையில் அந்நியக் களையாக முளைத்துவிடும் இல்லையா? சுமார் 260 மைல் பாதையில் குதிரைகளை விடுகிறார்கள், ஆனாலும் இவ்வளவு அக்கறை. எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. சாயங்காலம் எங்கிருந்தோ ஓர் எல்க் மான் குழல் ஊதுவதுபோலக் கத்தியது. எல்லாக் குதிரைகளும் ஒரே சமயத்தில் காதை நிமிர்த்தின.

இறங்கிய பிறகு இரண்டு நாள் தொடை வலி. சரி, அந்தக் கொடைக்கானல் போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? வாட்ஸ்அப்பில் அனுப்பு. என் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் சுமதி