கயலுக்கு, நேர்காணலுக்கு முன்

கரூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

நேற்று ராத்திரி போனை வைக்கப் போகும்போது உன் வங்கி நேர்காணலைப் பற்றி ஒன்று சொன்னாயே, அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். "அந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணேன்னு கேட்டா கோச்சிங் போனேன்னு சொல்லிடறேன்பா. தையல் யூனிட்ல கணக்கு எழுதினேன்னா என்ன நினைப்பாங்க?" என்றாய். பதில் சொல்வதற்குள் ஹாஸ்டலில் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். போனில் பேசினால் இப்படித்தான் பாதியில் நிற்கிறது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். கண்ணு, அந்தப் பொய்யைச் சொல்லாதே. நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். உன்னிடம் இதுவரை பேசாத விஷயம் இது.

1987-இல் எனக்கு முதல் வங்கி நேர்காணல். சென்னைக்கு நான் போனதே அப்போதுதான். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். உள்ளே போனதும் முதல் கேள்வி, அப்பா என்ன செய்கிறார் என்பது. உன் தாத்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு குழித்தறி. மாஸ்டர் வீவரிடம் நூல் வாங்கி, நெய்து கொடுத்து, கூலி வாங்கி வந்தார். கூலி போதாத வாரங்களில் வட்டிக்கு வாங்குவார். இதையெல்லாம் கோட்டுப் போட்ட நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "டெக்ஸ்டைல் பிசினஸ் சார்" என்றேன்.

அவர்களில் வயதான ஒருவருக்குத் துணி வியாபாரம் தெரிந்திருக்க வேண்டும். ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எத்தனாம் நம்பர் நூல் போடுகிறீர்கள், பாவு நூலுக்கு முன்பணம் யார் கொடுப்பது, சரக்கு எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏழு வயதிலிருந்து அந்தத் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தவன் நான். நூலைத் தொட்டுப் பார்த்தே நம்பரைச் சொல்வேன். ஆனால் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் 'பிசினஸ்' இல்லை என்பது தெரிந்துவிடுமே என்று பயந்து, "அதெல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார் சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. வேலை கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே கேள்வி வந்தது. "ஒரு குழித்தறி சார், கூலிக்கு நெய்கிறார்" என்றேன். அப்புறம் பத்து நிமிஷம் தறியைப் பற்றித்தான் பேசினோம். கூலி எப்படி நிர்ணயம் ஆகிறது, நெசவாளி ஏன் வங்கிக்கு வராமல் வட்டிக்காரரிடம் போகிறார் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பதில்கள். அந்த வேலையில்தான் 35 வருஷம் இருந்தேன்.

இப்போது உன் இரண்டு வருஷத்தைப் பார். மாமாவின் யூனிட்டில் நீ செய்தது என்ன? மாதாமாதம் கையிருப்புத் துணியை எண்ணி, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போட்டு வங்கிக்கு அனுப்பினாய். எட்டு லட்சம் ரூபாய் சரக்கு இருந்தால், நம் பங்காக 25 சதவீதம் மார்ஜின் போக ஆறு லட்சம் வரைக்கும்தான் கேஷ் கிரெடிட்டில், அதாவது சரக்கை ஈடாக வைத்த கடன் கணக்கில், எடுக்கலாம் என்பது அனுபவத்தில் உனக்குத் தெரியும். அதற்குப் பெயர் டிராயிங் பவர். புத்தகத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நீ சனிக்கிழமை சாயங்காலம் முப்பது பேர் கூலிக்கு நிற்கும்போது, எக்ஸ்போர்ட்டரிடமிருந்து பணம் வராமல், கணக்கில் எவ்வளவு எடுக்க முடியும் என்று பார்த்தவள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. மாமாவுக்கு எத்தனை பில் அப்படி வந்தது என்பது உனக்குத்தான் தெரியும். வங்கிக்குக் கட்ட வேண்டியது 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் ஆகிறது என்பதை நேர்காணலில் கேட்பார்கள். அது ஏன் ஆகிறது என்று நீ சொல்லலாம். வேலைக்குச் சேர்ந்தால் அதே ஸ்டேட்மென்ட்டை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ வாங்கிப் பார்க்கப் போகிறாய். இதையா மறைப்பது?

தேர்வு இரண்டு முறை போனதையும் சொல். "ரெண்டு முறை எழுதினேன், வரவில்லை. அந்த நேரத்தில் மாமா யூனிட்டில் கணக்குப் பார்த்தேன்." இவ்வளவு போதும். வருத்தமான குரலில் சொல்ல வேண்டாம்.

ஓய்வு பெறும் முன் நானும் மூன்று தடவை நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண்ணை மறக்கவே முடியாது. அவள் அம்மா கோயில் வாசலில் பூ விற்பவர். தண்டல் கடனுக்கு வட்டி எவ்வளவு வரும் என்று கேட்டோம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள், தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும் என்றாள். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக அம்மா கையில் இருப்பது நாலாயிரத்து ஐநூறுதான், அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி, வருஷத்துக்குப் பார்த்தால் எண்பது சதவீதத்துக்குப் பக்கம் வரும் என்றாள். அறையில் யாரும் பேசவில்லை. அவளுடைய இங்கிலீஷ் அங்கங்கே தடுமாறியது. அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நீயும் இங்கிலீஷுக்குப் பயப்படாதே. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ. வேகம் வேண்டாம்.

கரூர் என்று தெரிந்ததும் ஊரைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். இந்தச் சின்ன ஊரில் இரண்டு வங்கிகள் பிறந்திருக்கின்றன: 1916-இல் கரூர் வைஸ்யா, 1926-இல் லட்சுமி விலாஸ். இரண்டாவதன் கதையைச் சரியாகத் தெரிந்துகொள். 2020 நவம்பர் 17-இல் பணம் எடுக்கத் தடை வந்தது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை, பத்தே நாளில் 27-ஆம் தேதி டிபிஎஸ் பேங்க் இந்தியாவுடன் இணைத்தார்கள். டெபாசிட்தாரர் பணம் போகவில்லை, பங்குதாரர் முதல்தான் போயிற்று. அதை ஒட்டி டெபாசிட் காப்பீடு ஐந்து லட்சம் என்பதும் வரலாம். பஸ் பாடி, கொசுவலை, புகளூர் காகித ஆலை பற்றியும் இரண்டிரண்டு வரி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ரெப்போ, சிஆர்ஆர் மாதிரி ரிசர்வ் வங்கி வைக்கிற விகிதமெல்லாம் முதல் நாள் மாலை அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள். யாரோ அனுப்பிய பிடிஎஃப்பை நம்பாதே, விகிதம் மாறியிருக்கும்.

தெரியாத கேள்வி வரும். "தெரியவில்லை சார்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார். ஊகித்துச் சொல்கிறவரிடம் நாங்கள் அடுத்த கேள்வியை அங்கிருந்தே கேட்போம். இரண்டு கேள்வியில் மாட்டிக்கொள்வார். நூறு மார்க்கில் நாற்பது எடுத்தால் தகுதி. அப்புறம் இறுதிப் பட்டியலில் மெயின்ஸ் எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்றுதான் எடை. உன் மெயின்ஸ் மார்க் நன்றாகவே இருக்கிறது. அதனால் உள்ளே போகும்போது கை நடுங்க வேண்டியதில்லை.

உடுப்புக்குப் புதிதாக எதுவும் வாங்காதே. அந்த நீலக் காட்டன் புடவை போதும், பழகிய செருப்பு போடு.

சான்றிதழில்தான் எனக்குக் கவலை. மார்க் ஷீட்டில் உன் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, ஆதாரில் என் பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் பலரைச் சரிபார்க்கும் மேஜையிலேயே நிறுத்தி வைப்பது இதுதான். விண்ணப்பத்தில் எப்படிக் கொடுத்தாயோ அதற்கு ஒத்துவரும் அடையாள அட்டையை எடுத்துப் போ. பான் கார்டில் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துச் சொல். அசல் ஒரு ஃபைல், நகல் இரண்டு செட் வேறு ஃபைல்.

முதல் நாள் ராத்திரி வண்டியில் கிளம்பி நேராக நேர்காணலுக்குப் போகிற வேலை வேண்டாம். ஒரு நாள் முன்னாடியே போய்விடு. பெரம்பூரில் சித்தப்பா வண்டியோடு நிற்பார். சித்தி வீட்டில் அன்றைக்குப் பகலில் தூங்கு.

நேற்று மாமா யூனிட்டுக்குப் போய் பழைய ஸ்டாக் நோட்டைக் கேட்டேன். உன் கையெழுத்தில் இருந்த இரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஏப்ரன், மேஜை விரிப்பு, கிச்சன் டவல் என்று வரிசையாக எழுதி, கீழே கூட்டி, ஓரத்தில் பென்சிலால் '75 சதவீதம்' என்று நீயே போட்டிருக்கிறாய். ரயிலில் ஒருமுறை எடுத்துப் பார்.

அன்புடன்,
அப்பா