ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடவும்.

திருவாரூர் கமலாலயக் குளக்கரையில் காலை நடை போகிறவர்களின் நம் சங்கம் இந்த ஆண்டும் வழக்கமான பணிகளைச் செய்தது. 2025 ஏப்ரல் 7, ஆழித்தேர் அன்று நீர்மோர்ப் பந்தல் போட்டோம். சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. மேல்கரைப் படித்துறையைச் சுத்தம் செய்தோம், வந்தவர்கள் சிலர்தான். மூத்த உறுப்பினர்கள் இருவர் காலமானார்கள்; அவர்கள் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபம்.

இனி, கேரவன் எடுத்துக்கொண்டு நுவரெலியா வரை போகத் திட்டமிட்ட இலங்கைப் பயணம். இதை ‘செயலாளர் டூர்’ என்று சிலர் சொல்லிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. சென்ற பொதுக்குழுவில் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானம் இது. மினிட் புத்தகம் மேசை மேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

யோசனை எப்படி வந்தது என்று மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நமக்கு நாகப்பட்டினம் சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து யாழ்ப்பாணம் அருகே உள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-இல் கப்பல் தொடங்கியது, மழைக்காலம் வந்ததும் சில நாட்களிலேயே நின்றது, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அக்கரை. சென்னைக்கு ரயிலில் போகிற நேரம்கூட இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 சாலையில் கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறி நுவரெலியா. பக்கத்திலேயே சீதா எலியவில் சீதையம்மன் கோயில். பக்தியும் ஆயிற்று, ஊர் சுற்றியதும் ஆயிற்று.

கேரவன் எதற்கு என்று கேட்டார்கள். ‘என்ன சார், ஷூட்டிங்கா போறோம்?’ என்று ஒருவர் கேட்டுச் சிரித்தார். இன்னொருவர், தீவுக்குத்தான் போகவேண்டுமென்றால் குளத்து நடுவில் இருக்கும் கோயிலுக்குப் படகில் போய்வரலாமே, செலவும் மிச்சம் என்றார். சிரித்தவர்கள் இருவருமே அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். நம் சங்கத்தில் சர்க்கரை இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். முக்கால் மணிக்கு ஒருதரம் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிற கூட்டம் நாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தேயிலைச் சரிவு, பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ் என்று இருக்கிற ரோட்டில் எங்கே ஓரங்கட்டுவது? கழிப்பறையும் படுக்கையும் ஒரு சிறு அடுப்பும் உள்ளே இருக்கும் வண்டிதான் நமக்குச் சரி என்று நான் சொன்னது ஆடம்பரத்துக்காக அல்ல.

கப்பலில் ஆட்கள்தான் போகமுடியும், வண்டி ஏறாது. ஆகவே நம் ஊர் வேன் பேச்சுக்கே இடமில்லை, அங்கே வாடகைக்குத்தான் எடுக்கவேண்டும். விசாரித்ததில் கேரவன் பெரும்பாலும் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம்தான் கிடைக்கிறது. அதை யாழ்ப்பாணம் வரை வரவழைக்கத் தனிக்கட்டணம். நாமே ஓட்டுவதானால் இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்கவேண்டும், ஒரு வருஷம்தான் செல்லும். அங்கே போய் அதற்கு அவர்களுடைய அங்கீகாரமும் வாங்கவேண்டும். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கிறது என்பது ஒரு நிம்மதி.

ஓட்டுவது யார் என்பதில்தான் மனஸ்தாபம் வந்தது. மன்னார்குடி ரூட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் தானே ஓட்டுவதாகச் சொன்னார். அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. வளைவு நமக்கு ஒன்றும் புதிதல்ல. பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூருக்குப் போனவர்களுக்கு அது தெரியும். புதிது ஏற்றம்தான். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். எண்பது கிலோமீட்டருக்குள் அவ்வளவும் ஏறி, பிறகு இறங்கவும் வேண்டும். நம் மாவட்டத்தில் ஆற்றுப்பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது?

அதனால்தான் கொல்லிமலைக்கு ஒரு சோதனைப் பயணம் ஏற்பாடு செய்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். ஒருவர் வேன் வாசலில் வந்து நின்ற பிறகு போனை எடுத்து, ‘இன்னிக்கு அமாவாசைங்கிறதை மறந்துட்டேன்’ என்றார். பொருளாளர் வந்தார். அதற்கு நன்றி. இருபதாவது வளைவிலிருந்து அவர் பட்ட பாட்டை இங்கே விவரிக்கவில்லை. அன்று முதல் அவர் பயணத்துக்கு எதிர்க்கட்சி ஆகிவிட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இறங்கும்போது ஒன்று நடந்தது. பின்சீட்டுக்குக் கீழே வைத்திருந்த எவர்சில்வர் கூஜா ஒரு திருப்பத்தில் விடுபட்டு, இடைவழியில் கடகடவென்று உருண்டு, நேராக டிரைவர் காலடிக்குப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் ஓய்வுபெற்ற ஓட்டுநர் குனிந்து ஒரே கையால் அதை இழுத்துப்போட்டார். வண்டி நின்றதும், ‘பிரேக்குக்கு அடியில போயிருந்தா என்ன ஆயிருக்கும்?’ என்று கேட்டார். யாரும் பேசவில்லை. கேரவனில் அடுப்பு, பாத்திரம், சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும் என்பதை அப்போதுதான் எல்லோரும் யோசித்தார்கள். எந்த கியரில் ஏறவேண்டிய மேடோ அதே கியரில்தான் இறங்கவேண்டும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும் என்று அவர் விளக்கினார். நீள வண்டியின் வால் திருப்பத்தில் எதிர்ப்பக்கம் வீசும் என்றும் சொன்னார். ‘மலைப்பகுதிக்கு உள்ளூர் ஆளையே வைச்சுக்கலாம், சமவெளியில நான் பார்த்துக்கறேன்’ என்று கடைசியில் அவரே சொன்னார். அத்தோடு மனஸ்தாபம் தீர்ந்தது. அந்த ஒரு நாள் வேன் வாடகை வீண் என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ஆக, திட்டம் தயாராக இருந்தது. சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்த பிறகு மாசி, பங்குனியில் போவதாக ஏற்பாடு. வவுனியா பக்கம் யானை குறுக்கிடும் என்பதால் இரவில் ஓட்டுவதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு நுவரெலியாவில் கூட்டம் நெரியும், அதற்கு முன்பே திரும்பிவிடுவது. இந்த அளவுக்கு எழுதி வைத்திருந்தேன்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலை சரிந்து வீடுகள் புதைந்தன. நாம் போக நினைத்த ரோடுகளும் பல இடங்களில் உடைந்தன. இங்கே நம் பக்கமும் பயிர் மூழ்கியது. அந்த நிலையில் உல்லாசப் பயணம் பேச யாருக்கும் வாய் வராது. ஒத்திவைத்தது நியாயம்தான்.

ஆனால் புயலால்தான் பயணம் நின்றது என்று முடித்துக்கொள்வது உண்மை ஆகாது. புயல் வந்தது நவம்பரில். முன்பணத்துக்குக் கடைசித் தேதி செப்டம்பர். வாட்ஸ்அப் குழுவில் ‘நானும் வர்றேன்’ என்று எழுதியவர்கள் 31 பேர். முன்பணம் கட்டியவர்கள் 6 பேர், அதில் நானும் என் மனைவியும் அடக்கம். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பலர் ஆதார் நகலை அனுப்பினார்கள். திட்டமிடக் கூட்டிய கூட்டங்களில் நானும் தலைவரும் டீக்கடைப் பையனும் மட்டுமே இருந்த நாளும் உண்டு. வயலை நம்பி இருக்கிறவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் கஷ்டம் தெரியும். மாதம் பிறந்தால் பென்ஷன் வந்து விழுகிறவர்களைத்தான் சொல்கிறேன். கட்டிய முன்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூட. வித்தியாசம் வைப்புத்தொகை வட்டியில் சரிக்கட்டப்பட்டது. கொல்லிமலைச் செலவு ‘இதர செலவினம்’ என்று வந்திருக்கும், அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆண்டுச் சந்தா 600 ரூபாய், அதாவது மாதம் ஐம்பது. இரண்டு வடை, ஒரு காபிக் காசு. அதிலும் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருக்கு மூன்றாவது வருஷம். பெயர் வாசிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

தலைவர் அவர்களுக்கும், பந்தலுக்கு மோர் தந்தவர்களுக்கும், முகாம் நடத்திய மருத்துவருக்கும், இடம் கொடுத்த மண்டபத்தாருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற நம் ஓட்டுநருக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினால் எனக்கு மகிழ்ச்சிதான், இலங்கைக் கோப்பைச் சாலை வரைபடத்தோடு இப்போதே கொடுத்துவிடுகிறேன். சென்ற முறையும் இதைச் சொன்னேன், யாரும் கைதூக்கவில்லை. நானே தொடரவேண்டும் என்றால், அந்தப் பக்கத்து ரோடுகள் சரியாகி, கப்பலும் ஓடுகிற பருவமாகப் பார்த்து அடுத்த மாசியில் கிளம்பலாம். மலையக மக்களும் சுற்றுலாவை நம்பித்தான் மறுபடி எழுந்துகொண்டிருக்கிறார்கள். பத்துப் பேர் உறுதியானால் ஒரு கேரவனும் ஒரு சின்ன வேனும் போதும். பத்துக்குக் குறைந்தால் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்.

அடுத்த ஞாயிறு முதல் நடை முடிந்ததும் மேல்கரைப் படித்துறையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். முதலில் சந்தா பாக்கி, அப்புறம்தான் முன்பணம். ஜிபேயும் உண்டு. ‘அனுப்பிட்டேன் சார்’ என்று சொல்கிறவர்கள் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டவும்.

இப்படிக்கு,
செயலாளர்