மறுப்பதென்றால் எழுதிக் கொடுங்கள்: வங்கி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்து வங்கிகளையெல்லாம் ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அவர்களுக்கும், கிளை மேலாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்தமாகச் சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு எந்த இடத்தில் முட்டுக்கட்டை விழுகிறது என்று தெரிந்துகொள்ள, நாங்கள் சில மாணவர்கள் சேர்ந்து சனி ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வருகிறோம். இதற்குச் சம்பளமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. போன வாரம் அந்த வேலையாகத்தான் உங்களில் ஒருவரைப் பார்க்க வந்தோம். தொழில் கடன் கேட்டு வந்து மறுக்கப்பட்ட பெண்கள் போன வருஷம் எத்தனை பேர் என்று கேட்டோம். உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, கணினியிலும் பார்த்துவிட்டு, "எங்க கிளையில அப்படி யாருமே இல்லையேம்மா" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அதனால்தான் இந்த மடலை எழுத வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் எங்கள் நோட்டிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. "வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தீர்களா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றே பதில் வந்தது. பெண்கள் கேட்கவே தயங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நாங்களாகவே முடிவுகட்டப் பார்த்தோம். இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அக்காதான் எங்களைத் திருத்தினார். "விண்ணப்பம்னு ஒண்ணைக் கையில குடுத்தாத்தானே கண்ணு? நான் போய் ஏழு தடவை கேட்டேன், அதை எதுல எழுதுவ?" என்றார். கேள்வியை "வங்கிக்குப் போய்க் கேட்டீர்களா?" என்று மாற்றிக்கொண்டு, போன வீடுகளுக்கே திரும்பவும் போனோம். அப்புறம்தான் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள்.

அந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது 80,000 ரூபாய். ஒரு டில்டிங் கிரைண்டரும் பெரிய ஃப்ரிட்ஜும் வாங்க. இ-சேவை மையத்தில், சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்தார், 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கினார், கடையில் கொட்டேஷன் வாங்கினார். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கிளையில் அந்த உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்கள். வீட்டுக்காரர் பிரிந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. அதைச் சொன்னதற்கு, "அப்ப அண்ணன் தம்பி யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அண்ணன் வர மறுத்துவிட்டார். கடைசியில் வேறு வழி தெரியாமல், இரண்டு பஸ் மாறி, விட்டுப்போன அந்தக் கணவர் இருக்கும் ஊருக்கே போய்க் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். போடுகிறேன், வருகிற பணத்தில் பாதியைக் கொடு என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆறு வருஷமாகப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குக்கூட அந்த ஆளிடம் போய் நிற்காதவரை உங்கள் ஒற்றை வரி அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. இதை எங்களிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. மாவு வாங்க வந்தவர்களுக்கு அளந்து ஊற்றிக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டால் அரைத்தாக வேண்டும். வங்கிக்குப் போன ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள் வியாபாரம் போனது. இப்போது வாரக் குழுவில் கடன் வாங்கித் தவணை கட்டுகிறார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து உட்காரும் அந்தக் குழு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டக் கடன் கணக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையது என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் இந்த மாதிரிக் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களின் சின்னக் கடன்களும் சேர்த்தி. கடன் வாங்கியவர்களை மட்டும் எண்ணும் கணக்கு அது. கவுன்ட்டரிலேயே வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பப்பட்டவள் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை, உங்கள் கணினியிலும் வருவதில்லை.

விதி உங்களுக்குத் தெரியும், நான் நினைவுபடுத்த மட்டும் செய்கிறேன். கடன் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2003-இல் வந்த நியாய நடத்தை விதிகளிலேயே சிறு கடன் வாங்குபவர்களுக்கு இது உண்டு. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பதும் 2010-இலிருந்து இருக்கிறது. இருந்தும் "பத்திரம் ஏதாவது இருக்காம்மா?" என்ற கேள்வி காதில் விழாமல் வங்கியிலிருந்து திரும்பி வந்த பெண்களை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை.

பத்திரம் எங்கிருந்து வரும்? மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்குண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. ஆனால் சீர் செய்தாகிவிட்டது, அண்ணன் தம்பியோடு பகை வேண்டாம் என்று சொல்லி பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் பேசியவர்களில் அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அக்காக்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் என் அத்தையும் போட்டிருக்கிறார். புகுந்த வீட்டில் பட்டா மாமனார் பேரில் இருக்கும், மின் இணைப்பும் அவர் பேரில் இருக்கும். நகை இருந்தால் அது ஏற்கனவே அடகில் இருக்கும். குடும்பம் ஒரு பக்கம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்கிறது, வங்கி இன்னொரு பக்கம் ஒன்றுமில்லையே என்று திருப்பி அனுப்புகிறது, நடுவில் நிற்கிறவளைப் பார்த்துப் பெண்களுக்குத் தொழில் தைரியம் போதாது என்று மேடையில் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். சொத்து விவகாரம் உங்கள் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் கையில் இருப்பதை மட்டும்தான் கேட்கிறேன். கேட்கிற எல்லோருக்கும் கடன் கொடுங்கள் என்று கேட்கவில்லை. வாராக்கடன் பயம் உங்களுக்கு உண்டு, கிளையில் ஆள் குறைவு, அதுவும் தெரியும். வருகிற பெண்ணிடம் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள், சீட்டுக் கொடுங்கள். மறுப்பதென்றால் ஏன் என்று எழுதிக் கொடுங்கள். கணவர் கையெழுத்து இல்லை என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுதி, உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள். அந்தத் தாள் இருந்தால்தான் அவர் மேலதிகாரியிடம் போக முடியும். முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள் இதை எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாவு அக்கா வருகிற திங்கட்கிழமை எட்டாவது தடவையாக அதே கிளைக்கு வருகிறார். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு 11 மணிக்கு வருவார். அதே பிளாஸ்டிக் உறைதான் கையில் இருக்கும். நானும் கூட வருகிறேன். தயவுசெய்து அதைப் பிரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கேட்டு எழுதும் மாணவிகளில் ஒருத்தி