நைஸ்மித் தோற்றவராம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஜேம்ஸ் நைஸ்மித்தைப் பற்றிய துணுக்கை, 'கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவருக்கே அதில் ஜெயிக்கத் தெரியவில்லை' என்று முடித்திருக்கிறீர்கள். நல்ல நகைச்சுவை. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்த 1898 முதல் 1907 வரை 55 வெற்றி, 60 தோல்வி. கணக்கு சரிதான். அங்கே ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற பயிற்சியாளர் அவர் ஒருவர்தான் என்பதும் உண்மை.

ஆனால் அவரை அங்கே அழைத்தது கோப்பை வாங்கித் தர அல்ல. வழிபாட்டுக் கூடத்தையும் மாணவர்களின் உடற்பயிற்சியையும் கவனித்துக்கொள்ள அழைத்தார்கள். தன் அணி ஆடிய சில ஆட்டங்களுக்கு அவரே நடுவராகவும் நின்றார். நம் மாவட்டப் போட்டிகளில் அப்படி ஒரு பயிற்சியாளர் கையில் விசிலைக் கொடுத்துப் பாருங்கள், ஆயுசுக்கும் தோற்க மாட்டார்! வருஷக்கணக்கில் அந்தப் போட்டிகளுக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனவன் என்பதால் சொல்கிறேன்.

நைஸ்மித்திடம் படித்த ஃபாக் ஆலன் அதே கன்சாஸில் பெரிய பயிற்சியாளரானார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் இருவரும் பயிற்சியாளர்களாகித் தலைக்கு 800-க்கு மேல் வெற்றி கண்டவர்கள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஜான் மெக்லெண்டனையும் தெரிந்திருக்கும். கறுப்பின மாணவர் என்பதால் கன்சாஸ் அணியில் அவருக்கு இடமில்லை. அவரைக் கூடவே வைத்துக்கொண்டு பயிற்சியாளர் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் நைஸ்மித். அந்த மெக்லெண்டன் பயிற்சி தந்த கறுப்பின மாணவர் அணிதான் 1944-ல், இனப் பாகுபாடு கோலோச்சிய டர்ஹம் நகரில், கதவைப் பூட்டிக்கொண்டு ரகசியமாக நடந்த ஆட்டத்தில், டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணியை 88-44 என்று வீழ்த்தியது. இதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

வெற்றி தோல்வியை மட்டும் எண்ணும் புத்தி உங்கள் பத்திரிகைக்கு மட்டும் வந்ததல்ல. பரீட்சை நெருங்கினால் என் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பித் தந்ததே இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாப் பந்தலுக்கு கூடைப்பந்துக் களத்தின் நட்ட நடுவில் குழி தோண்டினார்கள். ஏன் சார் என்று கேட்டதற்கு, "உங்க டீம் போன வருஷம் முதல் சுற்றுலேயே தோத்துட்டு வந்துருச்சே" என்றார் தலைமையாசிரியர். குழியை நானும் பையன்களும்தான் மூடினோம்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் நைஸ்மித் பீச் பழக் கூடைகளை அடித்து மாட்டிய பால்கனி விளிம்பு பத்தடி உயரத்தில் இருந்தது. அதனால்தான் இன்றும் வளையம் பத்தடியில் தொங்குகிறது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். என்னைப் போன்ற பி.டி. வாத்தியார்களுக்குச் சோறு போட்ட படிப்பு அந்த வழியாக வந்தது, ஐயா.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் மெக்லெண்டன் பெயரையும் சேர்த்து நான்கு வரி போடுங்கள். கிரிக்கெட் வீரரின் புது ஹேர்ஸ்டைலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய தங்களுக்கு இதற்கு இடம் இல்லாமலா போய்விடும்?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்.