கூரை மேல் வானம் காட்டும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. "நியூயார்க் வெளிச்சத்தில் நிலாவும் ரெண்டு கிரகமும்தான்மா தெரியுது. வருகிறவங்களுக்கு இதைக் காட்டவா குளிரில் மொட்டை மாடியில் நிற்கணும்?" என்று கேட்டாய். நிற்கணும் என்றுதான் நான் சொல்வேன்.

உங்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பியூபின் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் அந்த வானாய்வுக் கூடத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள்? லூயிஸ் மோரிஸ் ரூதர்ஃபர்டு. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, அதே நியூயார்க் நகரத்துக்குள், தன் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்து 1860களில் நிலாவைப் படம் பிடித்தவர். அன்றைக்கு மின்விளக்கு ஏது என்பாய். சரிதான். ஆனால் நிலாவுக்கு ஊர் வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லையே.

வருகிறவர்களுக்குப் பௌர்ணமி நிலாவைக் காட்டாதே. நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிக் காட்டு. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டுக்குப் பக்கத்தில், இருட்டுக்குள் ஒரு புள்ளி மட்டும் தனியாக மின்னும். அது ஒரு மலையுச்சி. அங்கே வெயில் பட்டுவிட்டது, அடிவாரத்தில் இன்னும் விடியவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள். அவர்களே கண்ணை எடுக்க மாட்டார்கள்.

சனியும் அப்படித்தான். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி, கோடுபோல ஒடுங்கிப் போயிருந்தது. இனி வருடத்துக்கு வருடம் விரியும். படிப்பு முடிவதற்குள் அது விரிவதை நீயே பார்த்துவிடலாம்.

பிம்பம் ஆடுகிறது என்றாயே, அதற்குத் தொலைநோக்கியைக் குறை சொல்லாதே. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் இரவில் அந்தச் சூட்டை விடும்போது, அடுப்புக்கு மேலே காற்று நெளிவதுபோல நெளியும். குவிமாடத்தைச் சீக்கிரமே திறந்துவை. தொலைநோக்கியும் வெளிக்காற்றின் குளிருக்கு வந்த பிறகு கூட்டத்தை உள்ளே விடு.

உனக்கு அங்கே கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது. தை மாத இரவில் தெற்கே அகத்திய நட்சத்திரம் நம் வீட்டு மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். நியூயார்க்கில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஆனால் இங்கே புழுதிக்குள் தேட வேண்டிய துருவ நட்சத்திரம் உனக்கு ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் நிற்கும். நம் ஆலங்காயத்துக்கு ஏறக்குறைய 12½ பாகைதான்.

காவலூர் வானாய்வகம் பக்கத்திலேயே இருப்பதால் என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய தொலைநோக்கி என்றால் என்னவென்று தெரியும். 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கோளின் வளையங்களுக்கான தடயம் காவலூர் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது என்று வகுப்பில் சொல்லும்போது கண்ணை அகல விரிப்பார்கள். ஆனால் அதைப் பார்த்தது கருவி. ஒரு பிள்ளை தன் கண்ணால் வியாழனின் நான்கு நிலாக்களைப் பார்ப்பது வேறு. அதற்கு உன் மொட்டை மாடியே போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரிசை நீளமாக இருக்கிறதென்று யாரையும் அவசரப்படுத்தாதே. கண்வில்லையில் கண் பொருந்தவே சிறிது நேரம் ஆகும். தெரியாமலே "தெரிகிறது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். என்ன தெரிகிறது என்று திரும்பக் கேள்.

அப்புறம், ஒரியன் நெபுலா என்ற வாயு மேகத்துக்கு நடுவில் நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள் இருக்கும். அவை உன் ஊர் வெளிச்சத்திலும் தெரியும். சுற்றியுள்ள மங்கலான புகையை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார். பென்சிலால் வரைந்து, தேதியும் நேரமும் எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அதே வாரம் எங்கள் பள்ளியின் சின்னத் தொலைநோக்கியில் வரையச் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்போகிறோம்.

கையுறை வாங்கிக்கொள். காசு அப்பா அனுப்புகிறார்.

அன்புடன்,
அம்மா