எண் பார்த்து நிறுத்திய வண்டிகள்

மெக்சிகோ நகரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் அண்ணியும் நலமா என்று அறிய ஆவல். லாங் பஜாரில் நம் கடைக்கு வந்த சரக்கு வண்டி ஒரு மணி நேரம் நகர முடியாமல் நின்றதை எழுதி, வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, நாளுக்குச் சில வண்டிகள் என்று முறைபோட்டுச் சாலைக்கு வராமல் தடுத்தால் வேலூர் மூச்சுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த முறையோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் ஊரில் இருப்பதால், கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

1989 நவம்பரில், குளிர்காலத்து நச்சுப் புகையைக் குறைக்கவென்று சில மாதங்களுக்கு மட்டும் இங்கே அதைத் தொடங்கி, பிறகு நிலையாக்கிவிட்டார்கள். 5, 6 என முடியும் வண்டிகளைத் திங்கட்கிழமையும், 1, 2 என முடிபவற்றை வியாழக்கிழமையும் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை வெளியே எடுக்கக் கூடாது. மற்ற எண்களுக்கும் இப்படியே ஒவ்வொரு நாள். புகைச் சோதனையில் நன்றாகத் தேறும் வண்டிகளுக்கு இப்போது விலக்கு உண்டு.

ஐந்தில் ஒரு பங்கு வண்டி வீட்டில் நின்றால் சாலையில் அந்த அளவு இடம் கிடைக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. என் வீட்டுக்காரப் பெரியவர் அந்த ஒரு நாள் தடையைச் சமாளிக்க, வேறு எண்ணில் முடியும் பழைய கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினாராம். வாங்கிய கார் தடை நாளில் மட்டுமா ஓடும்? மற்ற நாட்களில் அதை மகன் எடுத்துப் போக, ஒரு வண்டி ஓடிய வீட்டிலிருந்து இரண்டு வண்டிகள் சாலைக்கு வந்தன; பழையது என்பதால் புகையும் கூடியது. இதைப் பெரியவர் வருத்தத்தோடுதான் சொன்னார். லூகாஸ் டேவிஸ் என்ற பொருளாதார அறிஞர் 2008-இல் வெளியிட்ட ஆய்விலும், காற்று தூய்மையானதற்குச் சான்று இல்லை, வண்டிகள்தான் பெருகின, மக்கள் மெட்ரோவுக்கோ பேருந்துக்கோ மாறவில்லை என்றே கண்டிருக்கிறார்.

ஆனால் 2005-இல் இன்சுர்ஹெந்தேஸ் என்ற பெருஞ்சாலையில் மெட்ரோபஸ் ஓடத் தொடங்கியது. பேருந்துக்கென்றே தனித் தடம் ஒதுக்கி, கார்கள் அதில் நுழையாதபடி செய்திருக்கிறார்கள். பக்கத்தில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்க, நான் தினமும் அதில் அவற்றைக் கடந்து அலுவலகம் போகிறேன். காரை வீட்டில் விட்டுவரச் சொல்லுமுன் வேறு வழியைக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இந்தப் பயணத்தில்தான் உறைத்தது.

டெல்லியில் 2016 ஜனவரியில் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று 15 நாள் நடத்தியபோது இருசக்கர வண்டிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். வேலூரில் அவற்றை விட்டுவிட்டு எதை நிறுத்துவது? ஆட்டோக்களையும் தொட முடியாது. காட்பாடியில் ரயிலிறங்கி ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநில நோயாளிகள் வேறு எப்படிப் போவார்கள்? ஆகவே எண்முறைக்காக யாரும் கையெழுத்துக் கேட்டால் நீங்கள் போடாதீர்கள். அதற்குப் பதில் பஜாரிலும் மண்டித் தெருவிலும் சரக்கு இறக்குவதைக் காலை நெரிசலுக்கு முன்பே முடிக்க வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொள்வார்களா என்று பேசிப் பாருங்கள். நம் கடையே முதலில் தொடங்கலாம். காலை 6 மணிக்குக் கடை திறக்க ஆள் கிடைக்குமா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி