உள்ளே இருந்தவர் சொல்லும் கதை

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, வீடெல்லாம் புழுதி. மற்றபடி எல்லாரும் சுகம்.

உளவுத்துறையில் இருந்து விலகியவரின் வாக்குமூலத்தை எழுதப்போவதாகச் சொன்னாய். அதற்கு முன் வோட்டர்கேட்டை ஒருமுறை படி: 1972இல் எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்து பிடிபட்டவர்களோடு அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் ஆட்களுக்கு இருந்த தொடர்பை மூடிமறைத்த விவகாரம். அங்கே சாட்சியும் உண்டு, உரைத்துப் பார்க்க ஒலிநாடாவும் உண்டு.

1973 ஜூனில் வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகர் ஜோன் டீன் செனட் குழு முன் 245 பக்க அறிக்கை வாசித்தார். நிக்சனின் அறையில் ஒலிப்பதிவு ஓடிய விஷயம் ஜூலை 16இல்தான் பகிரங்கமானது. உளவியலாளர் உல்ரிக் நைசர் 1981இல் டீனின் சாட்சியத்தையும் நாடாவையும் ஒப்பிட்டு எழுதினார். 1972 செப்டம்பர் 15 அன்று உள்ளே போனதும் நிக்சன் தன்னை உட்காரச் சொன்னார், தன் அலுவலகத் தலைவர் ஹால்டெமன் எல்லாம் சொல்லியிருக்கிறார் என்றார் என்பது டீனின் சாட்சியம். நாடாவில் இரண்டும் இல்லை. பிடிபட்டவர்களின் வாயை மூடப் பத்து லட்சம் டொலர் கொடுப்பது பற்றிய பேச்சு 1973 மார்ச் 13இல் நடந்தது என்றார். நாடாவில் அது மார்ச் 21. ஆனாலும் மூடிமறைப்பில் நிக்சனுக்குப் பங்கு உண்டு என்ற அவரது குற்றச்சாட்டு நிலைத்தது.

ஆகவே ஒரு திகதி பிழைத்தது என்று ஆளைப் பொய்யராக்கிவிடாதே, பிள்ளை. கதிரை கிடந்த இடம் வரை சொல்கிறார் என்று மயங்கியும் விடாதே. முதல் நாள் ஆவணம் எதையும் காட்டாமல் பேசவிடு. காட்டினால் ஆவணத்தில் உள்ளதே அவருடைய ஞாபகமாகிவிடும். ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் 'கண்டது', 'கேட்டது', 'ஊகித்தது' என்று குறி. ஒரு கிழமை கழித்து அதையே கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேள்.

உளவு நிறுவனம் வரும் இடத்தில் காகிதம் தேடு. 1972 ஜூன் 23 அன்று நிக்சனும் ஹால்டெமனும் வெளிநாட்டு உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யைக் கொண்டு, உள்நாட்டுப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யின் விசாரணையை மறிக்கத் திட்டமிட்டார்கள். ஏனென்றால் மெக்சிக்கோ வழியாக வந்த 89,000 டொலர் காசோலைகளின் தடம் அவர்களுடைய தேர்தல் நிதிக்குப் போனது. அன்றே சி.ஐ.ஏ. துணைத் தலைவர் வால்டர்ஸ் எஃப்.பி.ஐ.யின் பதில் தலைவர் கிரேயிடம், விசாரணை தொடர்ந்தால் சி.ஐ.ஏ.க்குப் பாதிப்பு என்று வாயால் சொன்னார். கிரே எழுத்தில் கேட்டார். ஜூலை 6இல், விசாரணையால் சி.ஐ.ஏ.க்குப் பாதிப்பில்லை என்றுதான் பதில் வந்தது. வாய்ச்சொல்லில் இரண்டு கிழமை நின்ற மறிப்பு, எழுதக் கேட்டதும் விழுந்துவிட்டது. உன்னுடைய ஆள் சொல்லும் கட்டளைகளையும் இப்படிப் பார்: யார் எழுதக் கேட்டார், யார் எழுத மறுத்தார்?

அந்த மனிதரின் உயிரும் உன் பெயரும் இதில் தொங்குகிறது, அவசரப்படாதே. அவர் சொல்லும் திகதிகளையும் பதவிகளையும் எனக்கு அனுப்பு. அந்த நாட்களில் அந்தக் கதிரைகளில் யார் இருந்தார்கள் என்று வர்த்தமானியைப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா